குழந்தைகளுக்கு மலேரியா கார்டு டெஸ்ட்: ரத்தம் எங்க எடுக்கணும், எவ்வளவு எடுக்கணும், எப்படி எடுக்கணும்

நீங்க கேட்டிருக்கறது இதுதானே: காய்ச்சலோட வர்ற சின்னக் குழந்தைக்கு மலேரியா ரேபிட் டெஸ்ட் (கார்டு டெஸ்ட்னு சொல்றதும் இதுதான்) போடும்போது விரல்ல குத்தறதா, குதிகால்ல குத்தறதா, இல்ல கைநரம்புல எடுக்கறது நல்லதா, எடுக்கற விதத்தால ரிசல்ட் மாறுமா, அப்புறம் "ஏற்கனவே பிள்ளைக்கு ரத்தம் கம்மி, இன்னும் எடுக்கறீங்களே"ன்னு அம்மா கேட்டா என்ன சொல்றது. ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், ஏன்னா இந்த விஷயத்தை ரெண்டு வரியில சொல்லிட்டுப் போறதாலதான் நிறைய பேர் பாதி தெரிஞ்சுகிட்டு டெஸ்ட் போடறாங்க.

ரிசல்ட் மாறுமான்னா, கண்டிப்பா மாறும். முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கங்க. கார்டுல கண்ட்ரோல் கோடு (டெஸ்ட் ஓடுச்சான்னு காட்டற கோடு) வந்துடுச்சுன்னா டெஸ்ட் சரியா நடந்துடுச்சுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அது அப்படி இல்ல. பஃபர் (ரத்தத்தோட சேர்த்து கார்டுல விடற திரவம்) பட்டை முழுக்க ஓடி வந்துச்சு, உள்ள இருக்கற சாயம் ஒட்டின ஆன்டிபாடி கெடாம வேலை செய்யுது, அவ்வளவுதான் அந்தக் கோடு சொல்லும். ரத்தம் போதுமான அளவு போச்சான்னு அதுக்குத் தெரியாது. ரத்தமே விடாம பஃபர் மட்டும் விட்டாக்கூட கண்ட்ரோல் கோடு அழகா வரும். அதாவது லாட் (தயாரிப்புத் தொகுதி) சரியா இருக்கலாம், எக்ஸ்பைரி தேதி சரியா இருக்கலாம், கோடும் வந்திருக்கலாம், ஆனா ரத்தம் பாதிதான் போயிருந்தா அந்த நெகட்டிவை நம்ப முடியாது, அதைக் கண்டுபிடிக்கவும் கார்டுல வழி கிடையாது. ரத்தம் எடுத்து விடற அந்த ஒரு நிமிஷத்துக்கு உங்க கண்ணும் கையும்தான் காவல்.

குழந்தைகள் விஷயத்துல இது ஏன் இன்னும் முக்கியம்னா, உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி 2023-ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 5,97,000 பேர் மலேரியாவால இறந்திருக்காங்க, அதுல 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில, அங்க இறந்தவங்கள்ல நாலுல மூணு பேர் அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்க. ஒரு பெரியவருக்கு டெஸ்ட் தப்பாப் போச்சுன்னா ரெண்டு நாள் கழிச்சு திரும்ப வருவாரு, சின்னக் குழந்தைக்கு ஃபால்சிபாரம்ங்கற ஆபத்தான வகை மலேரியா சில மணி நேரத்துலயே வலிப்பு, கடுமையான ரத்தசோகைன்னு போயிடலாம்.

சரி, எவ்வளவு ரத்தம். பெரும்பாலான கிட்டுக்கு 5 மைக்ரோலிட்டர், சில கம்பெனி கிட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, அது கவர்ல போட்டிருக்கும். சாதாரணமா ஒரு சொட்டுங்கறது கிட்டத்தட்ட 50 மைக்ரோலிட்டர், அப்போ நமக்கு வேணும்ங்கறது ஒரு சொட்டுல பத்துல ஒரு பங்கு. 10 கிலோ இருக்கற குழந்தை உடம்புல 750-லேருந்து 800 மில்லி ரத்தம் ஓடிட்டிருக்கும். அந்த அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க: "நாங்க எடுக்கறது ஒரு சொட்டு கூட இல்லம்மா, இதனால ரத்தம் குறையாது, ஆனா மலேரியா இருந்து கண்டுபிடிக்காம விட்டா அது ரத்தத்தை அழிச்சிடும்." பயமுறுத்தறதுக்காகச் சொல்றது இல்ல, நடக்கறது அதுதான், ஒட்டுண்ணி சிவப்பணுக்குள்ள போய் பெருகி அதை உடைச்சுகிட்டு வெளிய வருது, குழந்தைக்கு ரத்தசோகை வர்றதுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

எங்க குத்தறது? வயசும் எடையும் பார்த்து முடிவு பண்ணணும். ஆறு மாசம் தாண்டி, எடையும் 10 கிலோவுக்கு மேல இருந்தா விரல். அதுக்குக் கீழ இருக்கற கைக்குழந்தைக்குக் குதிகால், சில இடங்கள்ல கால் கட்டைவிரலும் எடுப்பாங்க. கைக்குழந்தையோட கைவிரல்ல குத்தக்கூடாதுன்னு சொல்றதுக்குக் காரணம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல இடமே இல்ல, லேன்செட் (குத்தற சின்ன ஊசி) எலும்பைத் தொட்டா அங்க கிருமி போய் எலும்பு சீழ் பிடிக்கற ஆபத்து இருக்கு. குதிகால்லயும் எங்க வேணா குத்தலாம்னு இல்ல, உள்ளங்கால் பக்கமா குதிகாலோட ரெண்டு ஓரம்தான் பாதுகாப்பு, பின்னாடி வளைவா இருக்கற இடத்துல எலும்பு ரொம்பப் பக்கத்துல இருக்கு, நடுப்பகுதியும் வேண்டாம். குழந்தை நடக்க ஆரம்பிச்சுட்டா குதிகால் தோல் தடிச்சுடும், அப்புறம் அங்க குத்தி ரத்தம் வராம திரும்பத் திரும்பக் குத்தறதுதான் மிச்சம்.

விரல்னா நடுவிரல் இல்ல மோதிரவிரல். கட்டைவிரல்ல நாடித் துடிப்பு இருக்கு, ஆள்காட்டி விரல்ல வலி அதிகம், குழந்தை நாள் முழுக்க அதை வெச்சுத்தான் எல்லாத்தையும் தொடும், சுண்டுவிரல்ல சதை ரொம்ப மெல்லிசு. விரல் நுனியில நேரா குத்தாதீங்க, நடு ரேகையிலயும் வேண்டாம், சதைப்பிடிப்பு இருக்கற இடத்துல கொஞ்சம் பக்கவாட்டுல குத்துங்க. ரேகைக்குக் குறுக்கா குத்தினா ரத்தம் ஒரு குமிழ் மாதிரி நிக்கும், ரேகையோட போக்குலயே குத்தினா ரத்தம் அந்தக் கோட்டு வழியா வழிஞ்சு ஓடிடும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா 5 மைக்ரோலிட்டரைச் சரியா எடுக்கணும்னா குமிழ் மாதிரி நிக்கற சொட்டு வேணும், வழிஞ்சு பரவின ரத்தத்துலேருந்து எந்தக் கருவியாலயும் சரியா உறிஞ்ச முடியாது.

ஆழம் பத்தி சொல்லணும்னா, ஆறு மாசத்துலேருந்து எட்டு வயசு வரைக்கும் விரல்ல 1.5 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, எட்டு வயசுக்கு மேல 2.4. கைக்குழந்தை குதிகால்லயும் 2.4-ஐத் தாண்டக்கூடாது, குறைமாசக் குழந்தைக்கு 0.85 தான். கையால குத்தற பழைய தகட்டு லேன்செட்ல இதையெல்லாம் கட்டுப்படுத்தவே முடியாது, பட்டனை அழுத்தினா குத்திட்டு தானா உள்ள போயிடற லேன்செட் கிடைச்சா அதையே கேளுங்க, ஆழம் ஃபிக்ஸ்டா இருக்கும், ஒருதரம் யூஸ் பண்ணினா திரும்ப யூஸ் பண்ணவும் முடியாது, துள்ளற குழந்தைகிட்டேருந்து உங்க கையிலயும் குத்திக்காம தப்பிக்கலாம்.

குத்தறதுக்கு முன்னாடி செய்யற வேலையிலதான் நிறைய பேர் அவசரப்படறாங்க. காய்ச்சல் குளிரோட நடுங்கற குழந்தைக்கு கை ஜில்லுனு இருக்கும், விரல் நுனிக்கு ரத்தமே வந்திருக்காது, அந்த நேரத்துல குத்தினா ஒரு புள்ளி வரும், நின்னுடும். வெதுவெதுப்பான துணியால கையையோ காலையோ மூணு நாலு நிமிஷம் சுத்தி வைங்க (42 டிகிரி செல்சியஸைத் தாண்டற சூடு வேண்டாம், குழந்தைத் தோல் வெந்துடும்), கையைத் தொங்க விட்டாப்ல அம்மா மடியில உக்கார வைங்க. ஸ்பிரிட் பஞ்சால துடைச்சதும் காயற வரைக்கும் காத்திருக்கணும், ஊதக்கூடாது. ஈரத்தோட குத்தினா எரியும், குழந்தை கையை இழுக்கும், அதோட ஸ்பிரிட் ரத்தத்தோட கலந்து அணுக்களை உடைக்கும், சொட்டும் குமிழா நிக்காம பரவிடும். மூணு பிரச்சனை, காரணம் ஒண்ணே ஒண்ணு, ஒரு அரை நிமிஷம் பொறுக்காதது.

பிடிக்கறதும் ஒரு கலைதான். ரெண்டு வயசுக் குழந்தை விரலை நீட்டுன்னா நீட்டாது, கையை மூடிக்கும். அம்மா குழந்தையைத் தன் மேல சாய்ச்சு ஒரு கையால நெஞ்சோட அணைச்சுக்கணும், குழந்தையோட இன்னொரு கை அம்மாவோட கைக்குள்ள இருக்கணும். நீங்க மணிக்கட்டை இறுக்காம விரலோட நடு மூட்டைப் பிடிங்க, மணிக்கட்டை முறுக்கிப் பிடிச்சா குழந்தை இன்னும் பலமா இழுக்கும், ரத்த ஓட்டமும் கெடும். தாய்ப்பால் குடிக்கற குழந்தைன்னா பால் குடிச்சுட்டிருக்கும்போதே குதிகால்ல குத்துங்க, வலி குறையுதுன்னு ஆராய்ச்சிகள்ல நல்லா நிரூபிச்சிருக்காங்க. "வலிக்காது"ன்னு விவரம் தெரிஞ்ச குழந்தைகிட்ட பொய் சொல்லாதீங்க, "எறும்பு கடிக்கற மாதிரி ஒரு தரம் சுருக்குனு இருக்கும், உடனே முடிஞ்சிடும்"னு சொன்னா அடுத்த தடவையும் உங்களை நம்பி கையைக் குடுக்கும்.

கார்டு கவரை குத்தறதுக்கு முன்னாடியே பிரிச்சு, பேர் எழுதி, ரத்தம் எடுக்கற கருவியையும் கைக்கெட்டற தூரத்துல வெச்சுக்கங்க. உள்ள இருக்கற ஈரம் உறிஞ்சற பொட்டலம் நிறம் மாறியிருந்தா அந்தக் கார்டை ஒதுக்கிடுங்க. கார்டைப் பிரிச்சு ரொம்ப நேரம் வெளிய வைக்கக்கூடாது, அதே சமயம் குத்தினப்புறம் பிரிக்கத் தேடினா அதுக்குள்ள விரல்ல ரத்தம் உறைஞ்சிடும், அதனால குழந்தை உக்காந்து, கை சூடாகி, எல்லாம் ரெடியானப்புறம் பிரிக்கறதுதான் சரி. கிளவுஸ் ஒவ்வொரு குழந்தைக்கும் புதுசு.

குத்தினப்புறம் லேன்செட்டை மேஜையில வைக்காதீங்க, நேரா ஷார்ப்ஸ் டப்பாவுக்குள்ள. முதல் சொட்டைத் துடைக்கணுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. பொதுவா விரல்ல ரத்தம் எடுக்கற எல்லா டெஸ்ட்டுக்கும் முதல் சொட்டுல திசுநீர் கலந்திருக்கும்னு துடைக்கச் சொல்வாங்க, ஸ்லைடுல ஸ்மியர் போடறதுக்கும் (மைக்ராஸ்கோப்புல பார்க்க ரத்தத்தைக் கண்ணாடியில தடவறது) துடைக்கறதுதான் வழக்கம். கார்டு டெஸ்ட்டோட படச்செய்முறை நிறையதுல அந்தப் படியே இருக்காது. என் கருத்து, ரத்தம் நல்லா வந்துட்டிருந்தா காஞ்ச பஞ்சால முதல் சொட்டைத் துடைச்சுட்டு ரெண்டாவதுல எடுங்க, ஆனா குழந்தைக்கு ஒரே ஒரு சொட்டுதான் வரும்னு தோணினா அதையே எடுத்துக்கங்க, துடைச்சுட்டு அப்புறம் விரலைப் பிழியறது அதைவிட மோசம். பிழிஞ்சா திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப் போகும், அணுக்கள் உடையும், விரலும் வீங்கும். உள்ளங்கையிலேருந்து விரல் பக்கமா மெதுவா ஒரு அழுத்தம், விடறது, திரும்ப ஒரு அழுத்தம், இவ்வளவு போதும். வரலைன்னா வேற விரல்ல, புது லேன்செட்டோட குத்துங்க, அதே ஓட்டையை நோண்டாதீங்க.

இப்போ ரத்தத்தை விரல்லேருந்து கார்டுக்குக் கொண்டு போற அந்தக் குட்டிக் கருவி. தப்பு நிறைய நடக்கறது இங்கதான், ஆனா இதைப் பத்தி அதிகம் பேசறதில்ல. கிட்டுக்குக் கிட்டு வேற வேற மாதிரி வரும்: கண்ணாடிக் குழாய், அமுக்கற பிளாஸ்டிக் பிப்பெட், ஸ்ட்ரா மாதிரி ஒண்ணு, வளையம், அப்புறம் கவுத்த கப். 2011-ல நைஜீரியா, பிலிப்பைன்ஸ், உகாண்டா மூணு நாட்டுலயும் சுகாதாரப் பணியாளர்கள் கையில இந்த அஞ்சையும் குடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு வந்துச்சு, அளவு சரியா வர்றது, ரத்தம் சிந்தாம இருக்கறது, பயன்படுத்த சுலபம்னு பார்த்தா கவுத்த கப்தான் முதல்ல வந்துச்சு. அதை ரத்தக் குமிழோட தலையில லேசாத் தொட்டாலே அதுபாட்டுக்கு நிரம்பிக்கும், கார்டுல செங்குத்தா வெச்சு மெதுவா அழுத்தினா இறங்கிடும், உறிஞ்சற வேலையே கிடையாது. வளையம் வந்த கிட்டுன்னா வளையத்துக்குள்ள ரத்தம் ஒரு படலமா முழுசா நிக்குதான்னு வெளிச்சத்துல பாருங்க, குழந்தை துள்ளி கை ஆடினா அந்தப் படலம் உடைஞ்சு காலி வளையத்தைத்தான் கார்டுல தொட்டு எடுப்பீங்க. பிப்பெட்ல பிரச்சனை வேற, முதல்ல பிப்பெட்டோட மேல இருக்கற குமிழை அமுக்கிட்டு அப்புறம் ரத்தத்துல வைக்கணும், மெதுவா விடணும், கோடு வரைக்கும் வந்ததும் நிறுத்தணும், அழற குழந்தையோட இதைச் செய்யறப்போ கோட்டைத் தாண்டிப் போயிடும் இல்ல நடுவுல காத்துக்குமிழ் மாட்டிக்கும். காத்துக்குமிழ் இருந்தா அளவு குறைவு, கோட்டைப் பார்த்து ஏமாறாதீங்க. கண்ணாடிக் குழாய் உடைஞ்சா குழந்தைக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து, படுக்கை வாட்டத்துல பிடிச்சா ரத்தம் தானா ஏறும், அதோட வாயைத் தோல்ல அழுத்தி அடைக்காதீங்க, சொட்டை மட்டும் தொடணும்.

ரத்தம் கம்மியாப் போனா லேசா வரவேண்டிய கோடு வராமலே போயிடும். நல்ல கிட்டுங்க ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 200 ஒட்டுண்ணி அளவுல இருந்தா கண்டுபிடிக்கணும்னுதான் சோதிச்சு வர்றது, அந்த விளிம்புல இருக்கற குழந்தைக்குப் பாதி ரத்தம் விட்டா நெகட்டிவ்தான். சரி அப்போ கொஞ்சம் தாராளமாவே விடுவோம்னு நினைச்சா அதுவும் தப்பு, ரத்தம் அதிகமானா பட்டை முழுக்க சிவப்பா நின்னு கோட்டையே மறைச்சிடும், 15 நிமிஷம் ஆனாலும் தெளியாது. ரத்தத்துக்கு ஒரு குழி, பஃபருக்கு ஒரு குழி, மாத்தி விட்டா டெஸ்ட் வீண். பஃபர் பாட்டிலைச் செங்குத்தாப் பிடிச்சு எண்ணி விடுங்க, சாய்ச்சுப் பிடிச்சா சொட்டோட அளவு மாறும். பஃபர் தீந்துபோச்சுன்னு தண்ணியோ சலைனோ இன்னொரு கம்பெனி பஃபரோ விடறவங்க இருக்காங்க, அதுல இல்லாத மலேரியாவுக்குக் கூட கோடு வரும், தயவுசெஞ்சு வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து, கிட்டுல சொன்ன நேரத்துல, வழக்கமா 15-லேருந்து 20 நிமிஷத்துக்குள்ள படிங்க, வேற வேலைக்குப் போயிட்டு ரொம்ப நேரம் கழிச்சு வந்து பார்த்த கோட்டைக் கணக்குல எடுத்துக்கக் கூடாது. லேசா ஒரு கோடு தெரிஞ்சாலும் பாசிட்டிவ்தான், கோடு மங்கலா இருக்குங்கறதால நோய் கம்மின்னு அர்த்தம் இல்ல, ஒட்டுண்ணி மிக அதிகமா இருக்கற குழந்தைக்குக்கூட சில சமயம் ஹெச்ஆர்பி2 (ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி உண்டாக்கற ஒரு புரதம்) கோடு மங்கலா வரும்.

கைநரம்புல எடுக்கறது நல்லதான்னு கேட்டீங்க. கார்டு டெஸ்ட்டுக்காக மட்டும்னா தேவையே இல்ல. ஆனா குழந்தை மோசமா இருக்கு, எப்படியும் டிரிப் போட ஊசி ஏத்தப் போறீங்கன்னா, அப்போ வர்ற ரத்தத்துலயே கார்டு, ஸ்லைடு, சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாத்தையும் பார்த்துடுங்க, தனியா விரல்ல குத்தி இன்னொரு தரம் அழ வைக்க வேண்டாம். கை கால் சில்லிட்டு ஷாக்ல இருக்கற குழந்தைக்கு விரல்ல சரியா ரத்தமும் வராது. இடிடிஏ ட்யூப்ல (ரத்தம் உறையாம வைக்கற மருந்து போட்ட குழாய்) எடுத்தா மெதுவாக் கவுத்துக் கவுத்துக் கலந்துட்டு, அந்தக் கிட்டோட கருவியாலயே இல்ல மைக்ரோபிப்பெட்டால அளந்து விடுங்க, ஊசியிலேருந்து நேரா கார்டுல சொட்டு விடறது பெரிய தப்பு, அந்த ஒரு சொட்டு வேண்டியதைவிடப் பல மடங்கு. உறைஞ்ச ரத்தம் ஆகாது. பிறந்த குழந்தை விஷயத்துல ஒண்ணு சொல்லணும், கை தேர்ந்தவங்க நரம்புல எடுத்தா குதிகால்ல குத்தறதைவிட வலி குறைவுன்னு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல தெரிஞ்சிருக்கு, அதனால ஆஸ்பத்திரியில அப்படி ஆள் இருந்தா நிறைய டெஸ்ட் வேண்டியிருக்கற பச்சிளங்குழந்தைக்கு அதுவே மேல்.

விரல்ல குத்தினாலும் இதே சிக்கனம்தான், ஒரே குத்துல முடிஞ்சதெல்லாம் எடுங்க. ஸ்லைடை முன்கூட்டியே பேர் எழுதி வெச்சிருந்தா கார்டுக்கு எடுத்த கையோட தடிமன் ஸ்மியரும் மெல்லிய ஸ்மியரும் போட்டுடலாம். இது வீண் வேலை இல்ல. ஹெச்ஆர்பி2 பார்க்கற கார்டு ஃபால்சிபாரத்தை மட்டும்தான் பிடிக்கும், சிகிச்சை முடிஞ்சு ஒட்டுண்ணி செத்தப்புறமும் சில வாரங்களுக்குப் பாசிட்டிவ் காட்டிட்டே இருக்கும், போன மாசம் மருந்து சாப்பிட்ட குழந்தைக்கு இப்போ இருக்கற காய்ச்சல் மலேரியாதானான்னு ஸ்லைடுதான் சொல்லும். அந்தப் புரதத்தை உண்டாக்கற ஜீனே இல்லாத ஃபால்சிபாரமும் இருக்கு, பெரு நாட்டோட அமேசான் பகுதியில 2010-ல முதல்ல தெரிய வந்துச்சு, அப்புறம் எரித்ரியா, எத்தியோப்பியா பக்கம் நிறைய பார்த்திருக்காங்க, அந்த வகை ஒட்டுண்ணி இருந்தா நீங்க எவ்வளவு சுத்தமா ரத்தம் எடுத்தாலும் அந்தக் கார்டு நெகட்டிவ் காட்டலாம்.

எடுத்து முடிஞ்சதும் காஞ்ச பஞ்சை வெச்சு ரத்தம் நிக்கற வரைக்கும் அம்மாவையே அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. ரெண்டு வயசுக்குக் கீழ பிளாஸ்திரி ஒட்டாதீங்க, குழந்தை விரலை வாயில வைக்கும், அது கழண்டு தொண்டையில சிக்கலாம்.

பழக்கத்தைப் பத்தி ஒண்ணு. 2008-ல ஜாம்பியாவுல கிராம சுகாதாரப் பணியாளர்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, கவர்ல இருக்கற குறிப்பை மட்டும் படிச்சவங்க 57 சதவீதப் படிகளைத்தான் சரியாச் செஞ்சாங்க, படம் போட்ட செய்முறை அட்டை குடுத்தவங்க 80, அட்டையோட அரை நாள் பயிற்சியும் குடுத்தவங்க 92. அரை நாள்தான். உங்க சென்டர்ல அந்த மாதிரி பயிற்சி நடத்தலைன்னா கேட்டு வாங்குங்க, படம் போட்ட அட்டையை டெஸ்ட் போடற மேஜைக்கு எதிர்ல ஒட்டி வைங்க, எத்தனை வருஷம் போட்டவங்களா இருந்தாலும் கிட் கம்பெனி மாறினா கருவியும் சொட்டுக் கணக்கும் மாறும்.

கடைசியா, நெகட்டிவ் வந்து குழந்தை இன்னும் காய்ச்சலோட சோர்ந்து கிடந்தா அதோட விட்டுடாதீங்க, வேற காரணத்தையும் தேடணும், 12-லேருந்து 24 மணி நேரத்துல திரும்பவும் மலேரியாவுக்குப் பார்க்கணும். பாசிட்டிவ் வந்தாலும் மூச்சு வேகமா வாங்குதான்னு பாருங்க, நிமோனியாவும் சேர்ந்தே இருக்கலாம். வலிப்பு வந்துச்சு, பால் குடிக்கல, குடிச்சதெல்லாம் வாந்தி, கூப்பிட்டா கண்ணு திறக்கல, இதுல எது ஒண்ணு இருந்தாலும் கார்டுல கோடு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, ரத்தத்தை எடுத்து கார்டுல விட்டுட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பற ஏற்பாட்டைப் பண்ணுங்க, ரிசல்ட்டைப் பின்னாடி போன்ல சொல்லிக்கலாம்.